ஏழாம் பாகத்தில் ஒரு சாவு

முதல் அறிகுறி ஒரு புத்தகத்தின் பக்கத்தில் தெரிந்தது. நான் அதைக் கேலி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி கோமதி கூடத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரமனையில் எங்கள் தெரு முழுக்க ஆற்றுச் சேற்றின் வாடை. அவள் நிமிர்ந்து, "ஏன்னா, இந்த ஓர்வெக்குங்கறது யாரு?" என்று கேட்டாள்.

நான் நாவல் படிக்கிறவன் இல்லை. குடிநீர்க் குழாய்களோடும் வால்வுகளோடும் காலம் தள்ளுகிற பொறியாளன். ஆனால் ஓர்வெக் யார் என்று எனக்கே தெரியும். அவள் கையில் இருந்தது ஆங்கிலத்தில் வரும் நீண்ட மாயக்கதைத் தொடர் ஒன்றின் ஏழாம் பாகம். பனி மூடிய ராஜ்யங்கள், பேசுகிற நதிகள், யார் தொடங்கினார்கள் என்றே மறந்துபோன ஒரு யுத்தம். ஓர்வெக் அதில் ஒற்றைக் காதுள்ள தூதன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் முதல் பாகம் வந்தது. பெண் பிறந்து, படித்து, கொச்சியில் வேலைக்கும் போய்விட்டாள். ஓர்வெக் இன்னும் ஓலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தபாடில்லை.

"உன்னோட முதல் ஆத்துக்காரர் ஆக்கும்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதே பக்கத்தை மறுபடி மேலிருந்து படித்தாள்.

மத்தியானம் முடி பொசுங்குகிற வாடை வருகிறது என்றாள். அடுப்பு, ஸ்விட்ச், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. சாயங்காலம் காய்ச்சல். ஊரெல்லாம் வைரல் காய்ச்சல் இருந்ததால் மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன். மறுநாள் அவள் தயிர்ப் பாத்திரத்தைத் துணி பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். திரும்பி என்னைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "நீங்கள் எந்த ஆஃபீஸ்லேர்ந்து வந்திருக்கேள்?" என்று கேட்டாள். அடுத்த நிமிஷம் கீழே விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இது உதவலாம். காய்ச்சலோடு பேச்சிலோ நடத்தையிலோ கோணல் தெரிந்தால் அசதி, தூக்கமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். லம்பர் பங்க்சர் (முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, மூளையைச் சுற்றியுள்ள நீரைப் பரிசோதனைக்கு எடுப்பது) என்று பெயர். பிறகு ஸ்கேன். நரம்பியல் டாக்டர் என் மகளைவிடச் சில வயதுதான் பெரியவர். என்னைத் தனியே உட்கார வைத்துச் சொன்னார். ஹெர்பெஸ் என்செபலைட்டிஸ். உதட்டோரம் கொப்புளம் போடுகிற சாதாரண வைரஸ், எப்போதாவது யாருக்காவது மூளைக்கு ஏறிவிடுகிறது. ஏறினால் அது முதலில் கடிக்கிற இடம் டெம்போரல் லோப் (காதை ஒட்டினாற்போல் மூளையில் இருக்கும் பகுதி, நினைவையும் மணத்தையும் அது பார்த்துக்கொள்கிறது). இல்லாத வாடை அவளுக்கு வந்தது அதனால்தான்.

"உயிருக்கு?" என்றேன்.

"மருந்து ஆரம்பிச்சு. சாரே, இப்போ பேடிக்கண்டா," என்றார் அவர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. பயப்பட வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொல்லும்போதுதான் பயம் சரியாகப் பிடித்துக்கொள்கிறது.

அசைக்ளோவிர் (இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து) இரவும் பகலும் நரம்பு வழியாக இறங்கியது. ஐ.சி.யு.வுக்கு வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் நித்யா அவசரத்தில் பைக்குள் அந்த ஏழாம் பாகத்தையும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். செங்கல் கனம். அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேனே தவிரப் பிரிக்கவில்லை.

கோமதி பிழைத்தாள். கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நித்யாவைப் பார்த்து, "காலேஜுக்குப் போகலையா?" என்றாள். நித்யா படிப்பை முடித்து நாளாகியிருந்தது. அப்போதுதான் டாக்டர் விளக்கினார். கடைசிச் சில வருஷங்கள் அவள் நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தன. புதிதாக நடப்பதும் சட்டென்று தங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

எது அழிந்திருக்கிறது என்று எனக்கு அன்று மாலையே புரிந்தது. "மணி ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டாள்.

மணி அவளுடைய தம்பி. பெங்களூரில் பாங்க் உத்தியோகம், கல்யாணம் செய்துகொள்ளாதவன். அந்தத் தொடரின் முதல் பாகத்தை அவளிடம் கொடுத்துப் பைத்தியமாக்கியவன் அவன்தான். ஒவ்வொரு பாகம் வரும்போதும் அங்கே ஒரு பிரதி, இங்கே ஒரு பிரதி. ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை. அக்காவும் தம்பியும் இல்லாத ராஜ்யங்களின் எல்லைத் தகராறை மணிக்கணக்காகத் தீர்த்துவைப்பார்கள். நான் சமையலறையில் குக்கரை இறக்கிவைப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்பு மணி ஆஃபீஸ் மாடிப்படியில் விழுந்து செத்துப்போனான். மாரடைப்பு.

நான் உள்ளதைச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவள் போட்ட சத்தத்தில் நர்ஸுகள் ஓடி வந்தார்கள். அன்றைக்கு மறுபடி வலிப்பு வந்தது. தெளிந்து எழுந்து, ஜூஸ் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "மணி ஏன் வரலை?" என்றாள். இரண்டாம் முறை நித்யா சொன்னாள். இரண்டாம் முறையும் அதே சத்தம், அதே ஓட்டம்.

டாக்டர் தற்சமயம் நிறுத்திவைக்கச் சொன்னார். வலிப்பு அடங்கட்டும் என்றார். கூடவே அவர் சொன்ன ஒன்றை என்னால் இன்றுவரை ஒதுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கேட்ட செய்தி மறந்துவிடும், ஆனால் அது உண்டாக்கிய வருத்தம் உடம்பில் தங்கிவிடும். செய்திக்கு ஒரு இடம், வருத்தத்துக்கு வேறு இடம் மூளையில். ஆக நாங்கள் அவளுக்கு இரண்டு முறை துக்கத்தைக் கொடுத்துவிட்டு, அது யாருடையது என்பதை மட்டும் கொடுக்காமல் விட்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கண்ணால் பார்த்தேன். கோமதி சாப்பிட்டாள், குளித்தாள், பூ தொடுத்தாள். நடுவில் திடீரென்று கை நின்றுவிடும். மார்பின் நடுவே உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "இங்கே என்னமோ பண்றது. யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு. நம்மாத்தில யாரானும் போயிட்டாளா?" என்பாள்.

"இல்லையே," என்பேன்.

"மணி செளக்கியம்தானே?"

"லீவு கிடைக்கலையாம்."

வீட்டில் யாரோ ஒருத்தர் கூடுதலாக இருப்பது போலவே இருந்தது. பழக்கதோஷத்தில் அவள் ஏழாம் பாகத்தையும் இரண்டு பிரதியாகவே வாங்கியிருந்தாள். இரண்டாவது பிரதி பிரிக்காமல் ஷெல்ஃபில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "மணிக்கு அனுப்பலையா?" என்று கேட்டாள். அனுப்புகிறேன் என்று எடுத்துக்கொண்டுபோய் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பல நாள் அதைச் சுமந்துகொண்டே ஆஃபீஸுக்குப் போய்வந்தேன். செத்தவனுக்குப் பார்சல் சுமக்கிறவன் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

நித்யா கொச்சியிலிருந்து வந்தபோது சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எத்தனை நாள் இப்படிப் பொய் பறைஞ்சிண்டிருக்கப் போறேள்? அம்மாவுக்கு மனசிலாகும், கேட்டேளா?"

"ஃபிட்ஸ் வந்தா நீ பாத்துப்பியா?" என்று கத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது. கோமதி மூன்றாம் முறையும் அந்தச் சத்தம் போடுவதைக் கேட்க என்னால் முடியாது. உள்ளது அவ்வளவுதான்.

கர்க்கடக மாதம் பிறந்தது. நமக்கு ஆடி. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாலையில் விளக்கேற்றி ராமாயணம் வாசிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு ஜன்னலிலிருந்து சமஸ்கிருதம், ஒரு ஜன்னலிலிருந்து மலையாளம் கேட்கும். டாக்டர் பரிசோதனைக்குப் போனபோது, பழைய நினைவோடு ஒட்டுகிற எதையாவது தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்றார். திரும்பத் திரும்பச் சொல்வது தங்கும் என்றார். வீட்டில் அப்படி ஒட்டுகிற பொருள் ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு ஐந்தாம் பாகம்வரை கதை அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. ஆறு போய்விட்டது. ஏழில் அவள் சில பக்கங்கள்தான் போயிருந்தாள்.

ஆக நான், ஆயுளில் ஒரு நாவல் படிக்காதவன், ஏழாம் பாகத்தை எடுத்து உட்கார்ந்தேன். இடையில் போன கதையை இணையத்தில் தேடிப் படித்தேன். ஆறாம் பாகத்தின் முடிவில் ஓர்வெக் பாலத்திலிருந்து பனியாற்றில் விழுந்து சாகிறான்.

அன்றைக்கும் அவள் மார்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "யாரோ போயிட்டா. நீங்கள் எங்கிட்ட மறைக்கறேள்."

என் வாயில் வந்தது. "ஓர்வெக் போயிட்டான், கோமு. போன பாகத்தில. நீ அன்னிக்கு எவ்வளவு அழுதே தெரியுமா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதுவா," என்றாள். பிறகு அழுதாள். அடக்கமாக, ஒழுங்காக, அழ வேண்டியதற்கு அழுகிறவள் போல அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். எனக்கு அப்படி ஒரு ஆறுதல். மணிக்கான கண்ணீர் எப்படியோ வெளியே போய்விட்டது என்று நினைத்தேன்.

தினமும் வாசிக்கத் தொடங்குமுன் முன்கதை சொல்வேன். அதில் ஓர்வெக்கின் சாவும் ஒரு வரி. சில நாளில் அது அவளிடம் தங்கிவிட்டது. நான் சொல்லுமுன் அவளே, "ஓர்வெக்தான் இல்லையே," என்பாள். ஆங்கிலத்தை அப்படியே வாசித்தால் அவள் களைத்துப்போவதால், பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டுத் தமிழில் சொல்வேன். பனி தேசத்து அரசி எங்கள் வீட்டில் "என்னத்துக்கு இப்போ படையெடுத்துண்டு வரான்?" என்று கேட்டாள். எதிர்வீட்டு மாமி ஒரு நாள் கம்பிக் கதவருகே நின்று, "எந்தக் காண்டம் ஆறது?" என்றார். "யுத்த காண்டம்னு வச்சுக்கோங்கோ," என்றேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். கோமதி நோய்க்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒரு விதியை மட்டும் அவள் விடவில்லை. வலியசாலையில், அவள் பிறந்த வீட்டில், அப்பா ராமாயணப் பாராயணம் செய்துவந்தவர். ஒரு நாள் வாசிப்பைச் சாவிலோ அழுகையிலோ நிறுத்தக்கூடாது, மேலே போய் ஒரு நல்ல இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்பது அந்த வீட்டுக் கட்டளை. எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான். இந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு அந்தக் கட்டளை தெரியாது. ஒவ்வொரு அத்தியாயமும் யார் தலையையாவது உருட்டிவிட்டுத்தான் முடியும். அதனால் காலையிலேயே அன்றைய பகுதியைப் படித்து, எங்கே நிறுத்தலாம் என்று ஒரு விருந்தையோ பிள்ளைப்பேற்றையோ கண்டுபிடித்து வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஆஃபீஸில் குழாய் உடைப்பு. காலையில் பாதிதான் படிக்க முடிந்தது. மாலையில் வாசித்துக்கொண்டு போனேன். அரசியின் மகனைச் சிதையில் வைத்தார்கள். அத்தியாயம் முடிந்தது. எனக்குத் தெரிந்தது அதுவரைதான்.

"போதும் இன்னிக்கு," என்றேன்.

"நன்னாருக்கு. சிதையிலயா நிறுத்துவா? மேலே வாசிங்கோ."

வாசித்தேன். தெரியாத தெருவில் சைக்கிள் விடுகிறவன் போலத்தான் வாசித்தேன். "அன்னிக்குக் கோட்டைக் கதவை யாரோ தட்டினா. காவல்காரன் விளக்கைத் தூக்கிப் பாத்தான். பனியில ஒருத்தன் நின்னுண்டிருந்தான். தலைத்துணியை எடுத்தான். அவனுக்கு ஒரு காதுதான்..." வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

கோமதி இரண்டு கையையும் தட்டினாள். "வந்துட்டானா! சாகலையா! படவா!" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்த மூன்று மாதமாகப் பார்த்திருக்கவில்லை. தெருவில் எல்லா ஜன்னல்களிலிருந்தும் ராமன் பெயர் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் மெதுவாக அடங்கினாள். கை மார்புக்குப் போனது. அங்கே எதையோ தேடுகிறவள் போல அழுத்திப் பார்த்தாள்.

"ஏன்னா," என்றாள். "அவன் திரும்பி வந்துட்டானே. இது ஏன் போகலை?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"அப்போ இது யாரோடது?"

என்னிடம் வேறு பெயர் இருக்கவில்லை. இன்னொரு தூதனையோ படைத்தலைவனையோ கொன்று கொடுத்திருக்கலாம். அந்தப் புத்தகத்தில் பிணத்துக்கா பஞ்சம்? ஆனால் அவள் கேட்ட விதத்தில் ஒரு தெளிவு இருந்தது. நோயாளி கேட்பது போல இல்லை. என் மனைவி கேட்டாள்.

"மணியோடது, கோமு," என்றேன். அவன் விழுந்ததையும், நாங்கள் போனதையும், அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதையும் சொன்னேன். வலிப்பு மாத்திரை எங்கே இருக்கிறது என்று ஒரு கண் அலமாரியிலேயே இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்தது. அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஐயோ, ஓர்வெக் திரும்பி வந்தது அவனுக்குத் தெரியாமப் போயிடுத்தே."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆறாம் பாகம் முடித்த ஞாயிற்றுக்கிழமைகள், ஸ்பீக்கர் போனில் மணியின் குரல். "அக்கா, பிணம் கிடைச்சுதா? கிடைக்கலை அல்லே? அப்போ சாகலை. அத்திம்பேரைக் கேளு, எஞ்சினியர், சொல்லுவார்." அத்திம்பேரான நான் அன்று பதில் சொல்லவில்லை. குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவனுக்குத் தெரியும்," என்றேன். "சாகலைன்னு அவன் அப்பவே அடிச்சுச் சொன்னான். நீதான் செத்துட்டான்னு சண்டை போட்டே."

"நானா?"

"நீயேதான். ரெண்டு வாரம் அவன்கூடப் பேசலை."

அழுதுகொண்டே சிரித்தாள். "ஜெயிச்சுட்டுப் போயிட்டான், படவா," என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "நாளைக்கு இது எனக்கு மறந்துடும், அல்லே?"

"மறக்கலாம்."

"மறந்தா திரும்பச் சொல்லணும்."

"ஒவ்வொரு தடவையும் நீ அழுவே, கோமு. எனக்கு முடியலை."

"அழறேன். என் தம்பிக்கு நான் அழறேன். யாருக்குன்னு தெரியாம அழறதுதான் எனக்கு முடியலை."

மறுநாள் காலை காப்பியை வைத்துவிட்டு, "மணி ஏன் போனே பண்றதில்லை?" என்றாள். சொன்னேன். அழுதாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னேன். ஓர்வெக்கின் சாவை நாள்தோறும் சொல்லி நிலைநிறுத்தியவன், இதையும் அப்படியே சொன்னேன். வலிப்பு வரவில்லை. உங்கள் வீட்டிலும் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். எங்கள் டாக்டர் யோசித்துவிட்டு, "செய்தோளூ சாரே, பக்ஷே கூடவே இரிக்கணும்," என்றார். செய்யலாம், ஆனால் கூடவே இருக்க வேண்டும். கூட இருப்பதுதான் கஷ்டம். தினமும் காலையில் மணி அந்த மாடிப்படியில் என் வாயால் விழுந்தான். அவன் செத்த வருஷம் நான் ஆம்புலன்ஸையும் சர்டிஃபிகேட்டையும் பார்த்துக்கொண்டேனே ஒழிய அழவில்லை. இப்போது வார்த்தை பாதியில் உடைந்தது. சில நாள் கோமதிதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மழை குறைந்த ஒரு காலையில் நான் தொண்டையைச் செருமினேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். "வேண்டாம். மணி இல்லை. அதானே?"

"ஞாபகம் இருக்கா?"

"எப்போ, எப்படின்னு ஒண்ணும் இல்லை. இல்லைங்கறது மட்டும் இங்கே இருக்கு." அவள் கை மார்பில்தான் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

போன வருஷங்கள் திரும்பவில்லை. திரும்பாது என்றே நினைக்கிறேன். வாடை இன்னும் சில சமயம் வருகிறது. பெயர்கள் வழுக்குகின்றன. தெருமுனைக் கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுகிறாள். நினைவைவிட உடம்பு சொல்வதை அவள் நம்பப் பழகிக்கொண்டாள். பக்கத்தில் இருந்து இருந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

புரட்டாசியில் மணியின் சிரார்த்தம் வந்தது. வலியசாலையில் அவளுடைய சித்தப்பா மகன்தான் வருஷாவருஷம் செய்கிறார். பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "வருஷம்கூட ஆகலையே, அதுக்குள்ள எப்படி சிரார்த்தம்?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அவன் அந்த ஆடியில்தான் போயிருந்தான்.